பன்னிரண்டுக்குப் பதினாறு

எங்கள் பழைய வீட்டின் நடு அறையில் மேல்தளக் காரை ஒரு நாள் ராத்திரி பெயர்ந்து விழுந்தது. அம்மா வழக்கமாகப் பாய் விரிக்கிற இடம். அன்றைக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று திண்ணையில் போய்ப் படுத்திருந்தார். காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி, கம்பியாகவே இல்லை. விரலால் தேய்த்தால் அடை அடையாக உதிர்ந்தது. இரும்பு துருவாகும்போது தன் பருமனைப் போலப் பல மடங்கு ஊதும். அந்த ஊதல்தான் காரையை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் மனை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர். வீடு கட்டின காலத்தில் எந்தத் தண்ணீரில் சிமென்ட் குழைத்தார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கம்பி இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு 2000 வரை போகலாம். அந்த நாலு மடங்கு வித்தியாசமே சொல்லிவிடும், உப்பின் பகை சிமென்டோடு இல்லை, உள்ளே இருக்கும் இரும்போடு என்று.

அம்மாவுக்கு ஒரு அறை உடனே வேண்டும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கி, மணலும் கம்பியும் வாங்கி, ஆள் வைத்துக் கட்ட அப்போது கையில் பணம் இல்லை. மரச்சட்டங்களை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடித்து அறை எழுப்பலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. சட்டச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டியதில்லை. ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். தப்பு செய்தால் கழற்றி மறுபடி அடிக்கலாம்.

அளவு பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பிளைவுட், ஃபைபர் சிமென்ட் போர்டு எல்லாம் எட்டுக்கு நாலு அடியில் வருகிறது. பன்னிரண்டும் பதினாறும் நாலால் மீதமின்றி வகுபடும், பலகை வீணாகாது. இன்னொரு காரணம் மூலைவிட்டம். பன்னிரண்டின் வர்க்கம் 144, பதினாறின் வர்க்கம் 256, கூட்டினால் 400. ஆக மூலைக்கு மூலை சரியாக இருபது அடி. பள்ளிக்கூடத்து மூன்று–நாலு–ஐந்து முக்கோணம்தான், நாலால் பெருக்கியது. டேப்பைக் குறுக்கே பிடித்து இரண்டு பக்கமும் இருபது வந்தால் அறை மூலைமட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். வேறு கருவியே வேண்டாம்.

அடித்தளம் மட்டும் கொத்தனார் வைத்துக் கட்டினேன். இரண்டு அடி உயரம், மேலே சமமாகப் பூச்சு, நாலடிக்கு ஒன்றாக போல்ட் நட்டு வைத்தது. போல்ட்டைக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நட வேண்டும், அப்புறம் துளை போடலாம் என்று விட்டுவிடாதீர்கள். கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் தார் ஷீட் போட்டோம். ஈரமும் கரையானும் ஏறுகிற வழி அந்த இடுக்குதான். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருப்பவர்கள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் பார்க்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம்.

மரம் வாங்கினது ராமநாதபுரத்தில் ஒரு மர வாடியில். செங்குத்துச் சட்டங்களுக்கு மலேசியா சால், நாலுக்கு இரண்டு அங்குலம். கூரையைத் தாங்குகிற கைமரத்துக்குத் தாத்தா வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்திருந்த பனங்கைகள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். உயிர்ப் பனையை வெட்ட வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நான் அதை வரவேற்கிறேன், எங்கள் கரையில் மணலைப் பிடித்து வைத்திருப்பது பனைதான். பழைய பனங்கையோ வைரம் பாய்ந்து கறுத்துக் கிடந்தது. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. ஒவ்வொரு இடத்திலும் டிரில்லில் துளை போட்ட பிறகுதான் இறங்கியது.

வேலை தொடங்கின வாரமே ஆசாரி ஐயா வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மண்டபம் பக்கம் நாற்பது வருடம் வள்ளம் கட்டினவர். இப்போது கண் பார்வை குறைந்து கை ஓய்ந்திருக்கிறது. நான் தரையில் சட்டங்களைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "வள்ளத்தக் கவுத்துப் போட்ட மாதிரியில்ல இருக்கு தம்பி?" என்றார். "ஏராவுக்குப் பதிலா அடிச்சட்டம். வங்குக்குப் பதிலா இந்த நிக்கிற சட்டம். பலகை ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

ஏரா என்றால் படகின் அடியில் நீளமாக ஓடுகிற மரம், வங்கு என்றால் விலா எலும்பு மாதிரி நிற்கிற சட்டம். அதுவரை நான் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். சட்டச் சுவர் நம் ஊருக்குப் புதுசு என்று நினைத்திருந்தேன். எங்கள் கரையில் எத்தனையோ தலைமுறையாகச் சட்டம் வைத்துப் பலகை அடித்து, அதை அலையிலும் ஓட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் சொல்வதையும் வீடியோவையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் செய்தேன்.

சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் முதல் தப்பு நடந்தது. நடு மையத்திலிருந்து நடு மையத்துக்கு 16 அங்குலம் என்பது கணக்கு. பலகையின் அகலம் 48 அங்குலம், பதினாறு மூன்று தடவை போகும். 24 வைத்தாலும் இரண்டு தடவை போகும், ஆனால் எங்கள் காற்றுக்கு நான் பதினாறையே வைத்தேன். டேப்பைப் பிடித்து 16, 32, 48 என்று கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சட்டத்தின் இடது ஓரத்தை வைத்து அடித்துவிட்டேன். பதிமூன்று சட்டம், ஒரு முழு நாள் வேலை. மறுநாள் முதல் பலகையைத் தூக்கி வைத்துப் பார்த்தால், பலகையின் ஓரம் 48-ல் முடிகிறது, சட்டம் 48-ல்தான் ஆரம்பிக்கிறது. ஆணி அடிக்க மரமே இல்லை.

இரண்டு அங்குலச் சட்டமென்றால் அதன் மையம் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே. ஆகவே முதல் கோட்டை 16-ல் போடக் கூடாது, 15-ல் போட வேண்டும். அப்புறம் 31, அப்புறம் 47. அப்போது சட்டத்தின் மையம் சரியாக 48-ல் நிற்கும். ஒரு பலகைக்கு ஒரு அங்குலம், அடுத்த பலகைக்கு ஒரு அங்குலம் என்று ஒரே சட்டத்தில் இரண்டு பலகையும் சேரும். வீடியோக்களில் பதினைந்தேகால் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் இரண்டுக்கு நாலு என்று விற்கிற மரம் இழைத்துக் காய்ந்த பிறகு உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான், அதனால் அங்கே பாதிக் கனம் முக்கால் அங்குலம். நம் ஊரில் சா மில்லில் நாம் கேட்கிற அளவுக்கு அறுத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் உதைக்கும். கையில் இருக்கும் மரத்தை அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். பதிமூன்று சட்டத்தையும் கழற்றி மறுபடி அடித்தேன்.

வாசலும் ஜன்னலும் வருகிற இடத்தில் சட்டங்களை வெட்ட வேண்டி வருகிறது. வெட்டிய சட்டம் சுமந்த பாரத்தை யாராவது சுமக்க வேண்டுமே. மேலே ஆறுக்கு இரண்டு மரம் இரண்டை ஒட்டி, நெட்டாக நிற்க வைத்து உத்தரம் போட்டேன். அதன் இரு முனையும் உட்காருவதற்குப் பக்கச் சட்டத்தோடு ஒட்டி இன்னொரு குட்டைச் சட்டம். உத்தரத்தை ஆணியில் தொங்கவிடக் கூடாது, மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும். ஆசாரி ஐயா கையால் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்ன இடம் இது ஒன்றுதான்.

அடுத்து அவர் காட்டினதை நான் மறக்க மாட்டேன். நாலு தென்னை ஈர்க்கை எடுத்து, முனைகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்தார். ஒரு மூலையை விரலால் தள்ளினார். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிப் படுத்துவிட்டது. அப்புறம் ஐந்தாவது ஈர்க்கைக் குறுக்கே மூலைக்கு மூலை கட்டினார். இப்போது தள்ளினால் ஈர்க்கு வளைகிறதே தவிரச் சதுரம் அசையவில்லை. "கச்சான் ஒன் சுவத்த மேலேர்ந்து அமுக்காது தம்பி, பக்கத்துலேர்ந்து தள்ளும்." கச்சான் என்பது எங்கள் பக்கத்தில் வீசுகிற தென்மேற்குக் காற்று. செங்குத்துச் சட்டம் எத்தனை கனமாக இருந்தாலும் குறுக்குக் கட்டு இல்லாமல் அது சீட்டுக்கட்டு வீடுதான். பலகை அடித்தால் பலகையே அந்தக் குறுக்குக் கட்டாகிவிடும், ஆனால் ஓரம் முழுக்க ஆறு அங்குலத்துக்கு ஒரு ஆணி இருக்க வேண்டும். நான் மூலைகளில் குறுக்குச் சட்டமும் வெட்டிப் பதித்தேன்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். கச்சான் காலத்தில் எங்கள் மனைக்குள்ளேயே மணல் பறந்து முகத்தில் அறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்காகும். பக்கவாட்டில் தள்ளுவது மட்டுமில்லை, கூரையை மேலே உறிஞ்சித் தூக்கவும் செய்யும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே அந்தப் பாழடைந்த தேவாலயத்துக்கு நான் போகும்போதெல்லாம் கண் மேலேதான் போகும். சுவர் நிற்கிறது, கூரை இருந்த இடத்தில் வானம்.

ஆகவே சட்ட வீட்டில் நான் மரத்தின் கனத்தைவிட மூட்டுக்குத்தான் அதிகம் செலவு செய்தேன். கூரைத் தகடு கைமரத்தோடு, கைமரம் மேல்சட்டத்தோடு, மேல்சட்டம் செங்குத்துச் சட்டத்தோடு, அது அடிச்சட்டத்தோடு, அடிச்சட்டம் அடித்தளத்து போல்ட்டோடு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் காற்று அந்த இடத்தில்தான் பிரிக்கும். அடிச்சட்டத்தின் வழியாகச் செங்குத்துச் சட்டத்தின் நுனிக்குள் அடிக்கிற ஆணி, மரத்தின் நாரோடு நாராக இறங்குகிறது. அதற்குப் பிடிப்பு கம்மி, மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு சட்டத்திலும் மேலும் கீழும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை வளைத்து, பக்கவாட்டில் அடித்தேன். மேல்சட்டம் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கு முடிகிற மூலையில் மேல் அடுக்கு தாண்டிப் போய் அடுத்த சுவரின் மேல் உட்காரும், விரல்களைக் கோத்த மாதிரி.

இப்போது ஆணி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஒரு பெட்டி வாங்கி ஏமாந்தேன். பளபளவென்று வெள்ளி மாதிரி இருக்கிற ஆணி, ஸ்க்ரூ எல்லாம் மின்முலாம் பூசியவை. துத்தநாகம் 5, 10 மைக்ரான்தான் இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது 50 மைக்ரான் அளவுக்கு இருக்கும், பார்க்க மங்கலாக, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கும். கடற்கரைக்கு அழகு பார்க்க வேண்டாம், மங்கினதையே கேட்டு வாங்குங்கள். என் முதல் பெட்டி ஆணிகளை மூடாமல் வைத்திருந்தேன், ஒரே மழைக்காலத்தில் தலைகள் சிவந்துவிட்டன. வெளியே தெரிகிற இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன். அதிலும் 304, 316 என்று இரண்டு ரகம். 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304 கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறும். விலை கூடத்தான். எல்லா இடத்துக்கும் வேண்டாம், கூரைத் தகட்டுக்கும் கதவுக் கீலுக்கும் போட்டால் போதும்.

ஜிப்சம் போர்டுக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூவைச் சட்டத்தில் போடாதீர்கள். மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், டிரில்லில் வெண்ணெயாக இறங்கும். ஆனால் பக்கவாட்டில் பாரம் வந்தால் வளையாது, சட்டென்று ஒடியும். ஆணி வளையும், வளைந்தும் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றில் ஆடுகிற சுவருக்கு வளைகிறதுதான் நல்லது.

கருவிக்கு வருகிறேன். கடைக்குப் போனால் முதலில் மோட்டார் வைத்ததைத்தான் கை தேடும். நான் சொல்வது, பணத்தை முதலில் அளக்கிற சாமானில் போடுங்கள். நல்ல ஐந்து மீட்டர் டேப் ஒன்று, வேலை முடிகிற வரைக்கும் அந்த ஒன்றுதான். வீட்டில் இருந்த இரண்டு டேப்பை ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன், எட்டு அடியில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். டேப் நுனியில் இருக்கிற கொக்கி லேசாக ஆடும், அதைப் பழுது என்று நினைத்து அடித்து இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஆடும். வெளியே மாட்டி இழுத்தாலும் உள்ளே முட்டி அளந்தாலும் கணக்கு சரியாக வருவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து மூலைமட்டம், ரசமட்டம், கோடு போட சாக்பீஸ் பொடி தடவிய நூல், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் ட்யூப். பதினாறு அடி தூரத்துக்கு மட்டம் பார்க்க ட்யூபை மிஞ்ச ஒன்றும் இல்லை, உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. தூக்குக்குண்டு கட்டாயம் வேண்டும். ஆனால் கச்சானில் அது நிற்காது, ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். நான் அரை மணி நேரம் அதைக் கையால் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். ஆசாரி ஐயா அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு வாளியில் தண்ணீர் கேட்டார். குண்டைத் தண்ணீருக்குள் முங்கவிட்டார். நாலு ஆட்டம் ஆடி நின்றுவிட்டது. மேலே நூல் கம்பி மாதிரி நின்றது, அதிலிருந்து சட்டத்துக்கு அளந்தோம். கால் அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது.

அறுப்பதற்கு ஏழேகால் அங்குல சர்குலர் சா வாங்கினேன். இரண்டு அங்குல மரத்தை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாருடைய கையிலும் இருப்பது மார்பிள் கட்டர். அதில் மரம் அறுக்கிற பிளேடு மாட்டி வேலை செய்கிறவர்கள் உண்டு. அது ஒன்றரை அங்குலம்கூட இறங்காது, மரத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு தடவை அறுக்க வேண்டும், இரண்டு வெட்டும் சேராது. அதைவிட மோசம் கிரைண்டரில் மரப் பிளேடு போடுவது. நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றுகிற மெஷின், முடிச்சில் மாட்டினால் கையை மீறித் துள்ளும். அந்தத் துள்ளலில் விரலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒரு டிரில், இரண்டு உளி, ஆணி பிடுங்குகிற பிளவு உள்ள சுத்தியல், கைரம்பம், நாலு சி கிளாம்ப். கிளாம்ப்தான் தனியாக வேலை செய்கிறவனுக்கு இன்னொரு ஜோடிக் கை. ஆணி அடிக்கிற துப்பாக்கி ஒரு அறைக்குத் தேவையே இல்லை. மெஷின் ஓடுகிற லைனில் மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கிற ஊர் இது. சாயங்காலம் உளியையும் ரம்பத்தையும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்காவிட்டால் விடிவதற்குள் மேலே பொன்னிறமாகத் துரு படிந்திருக்கும்.

பதினாறு அடிச் சுவரைத் தரையில் படுக்க வைத்தே அடித்து முடித்திருந்தேன். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்து, அசையாமல் இருக்க ஒரு குறுக்குக் கட்டையும் அடித்தாகிவிட்டது. கன அடிக் கணக்கில் பார்த்தால் நூற்றைம்பது கிலோவுக்கு மேல். கச்சான் எழுவதற்கு முன்னால், விடியற்காலை ஆறு மணிக்கு மச்சான்மார் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் வந்தார்கள். அடிச்சட்டம் நழுவாமல் இருக்க போல்ட்டுக்கு வெளியே கட்டை வைத்து, நாலு பேரும் ஒரு மூச்சில் தூக்கினோம். இடுப்பு உயரம் வரைக்கும்தான் பாரம். அதற்கு மேல் நிமிர நிமிரப் பாரம் குறைகிறது, நேராக நின்றதும் அது அந்தப் பக்கம் விழாமல் பிடிப்பதுதான் வேலை. சாய்வுக் கம்புகளை முன்கூட்டியே வெளிப் பக்கச் சட்டத்தில் ஒரு ஆணியில் ஆட வைத்திருந்ததால், நிமிர்ந்த உடனே கீழே முளையோடு சேர்த்து அடித்துவிட்டோம். அம்மா அடுப்பிலிருந்து வருவதற்குள் சுவர் நின்றது. வெறும் சட்டங்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போய், கட்டில் எங்கே என்று கேட்டார்.

அறை முடிந்து ஒரு கச்சான் காலம் போய்விட்டது. சுவர் நின்ற அன்று நாலு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டு, அதன் நுனி நேராக விழுந்த இடத்தில் தரையில் ஆணியால் கீறி வைத்திருந்தேன். புரட்டாசி பிறந்து காற்று ஓய்ந்ததும் அதே நூலை அதே ஆணியில் கட்டி மறுபடி விட்டுப் பார்த்தேன். மூன்று மூலையில் கீறலின் மேலேயே நின்றது. தென்மேற்கு மூலையில் மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளி. அடிச்சட்டத்தைத் தடவிப் பார்த்தால் அந்த மூலை போல்ட்டின் நட் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஸ்பானர் போட்டு இறுக்கி, மேலே இன்னொரு நட்டையும் ஏற்றிப் பூட்டினேன். மற்ற போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். ஆறு இறுகின, மீதி அசையவில்லை. வாடை வலுப்பதற்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று காலண்டரில் கார்த்திகை முதல் தேதியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.